போட் ஹவுஸ் ஜாக்கெட்

சிக்கந்தர் பாய் மேட்டூர் டேமை நீந்திக் கடந்தவர். பெண் பார்க்கப் போன இடத்தில் அப்படித்தான் சொன்னார். மாமனார் அசந்துபோனார். கதவுக்குப் பின்னால் நின்ற பரிதாவும் அசந்துபோனாள். உண்மையில் பாய் மேட்டூரைக் கடந்தது பஸ்ஸில். அதுவும் ஜன்னல் பக்கம் உட்காராமல். தண்ணீர் என்றாலே அவருக்குப் பயம்.

பொய் சொன்னவர் வறண்ட தர்மபுரிப் பக்கம் எங்காவது கடை போட்டிருக்கலாம். ஏரி இருக்கும் ஏற்காட்டுக்கு வந்து, ஒண்டிக்கடை முக்கில் மிளகும் காப்பித்தூளும் விற்க உட்கார்ந்தார். ஏரியைப் பார்த்ததும் பரிதா கேட்டாள், "போட்டுல போலாமுங்க." முதல் வருஷம் பனி என்றார். அடுத்த வருஷம் கூட்டம் என்றார். அப்புறம் முதுகுவலி, முழங்கால் வலி என்று உடம்பில் ஒரு இடம் பாக்கியில்லாமல் வலிக்கவிட்டார்.

இந்த வருஷம் அவள் விடுவதாக இல்லை.

"ஏனுங்க, ஞாயித்துக்கிழமையோட நமக்குக் கல்யாணமாகி இருவது வருசம். நாகலூர் ரோட்டுல ரொனால்ட் எஸ்டேட் குட்டையில மிதி போட்டு உட்டிருக்காங்களாம். போலாமுங்க."

"மிதி போட்டா?"

"ஆமாங்க. உக்காந்துட்டே மிதிக்கோணும்."

"அதைத்தான் நீ ஊட்டுல தையல் மிஷின்ல தெனமும் பண்றியே."

பரிதா சிரிக்கவில்லை. "என்கூட அரை மணி நேரம் உக்கார இஷ்டமில்லைன்னா சொல்லிருங்க. நான் ஏன் கேக்கப் போறேன்?" என்றாள். கண் கலங்கிவிட்டது.

பாய்க்கு என்னவோ போல ஆகிவிட்டது. மனைவிமேல் அவருக்குக் கொள்ளைப் பிரியம். ஆனால் உண்மையைச் சொன்னால் இருபது வருஷ மேட்டூர் ஒரு நொடியில் வற்றிவிடுமே! மானமும் போகக்கூடாது, போட்டிலும் போகக்கூடாது. ஒரு வழி கண்டுபிடித்தார்.

மறுநாளே குட்டைக்கு ஜீப் ஏறினார். குட்டைக்கரை போட் ஹவுஸுக்குப் பொறுப்பாளி பொன்னுவேல். அங்கே பலகையில் பாதுகாப்புச் சாமான் பட்டியல் எழுதியிருந்தது. பாய் பெரிய அதிகாரி மாதிரி ஒவ்வொன்றாகச் சோதித்தார். தண்ணீரில் விழுந்தவனுக்கு வீசும் வளையம் இருந்தது. கயிறு புதுசு. விசிலை ஊதிப் பார்த்தார். மரத்திலிருந்த குரங்குகள் ஓடின. ஒரு குறையும் இல்லாதது பாய்க்குப் பெரிய குறையாக இருந்தது.

"லைஃப் ஜாக்கெட்டு?"

"இருக்குதுங்க பாய். உங்க சைசுலதான் இல்லைங்க. பெரிய சைசு ரெண்டுக்கும் பெல்ட்டு பிஞ்சுபோச்சு. பெல்ட்டு பிஞ்சது மொத்தம் பன்னெண்டுங்க, ஒதுக்கி வெச்சுட்டேன். தைக்க ஆளு தேடிட்டு இருக்கறனுங்க."

"ஜாக்கெட்டு போடாம வந்தா ஏத்துவியா?"

"எங்கப்பனே வந்தாலும் ஏத்த மாட்டனுங்க."

பாய்க்கு அவனைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

வீட்டுக்கு வந்து முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார். "சட்டம்னா சட்டம், பரிதா. என் சைசு ஜாக்கெட்டுக்குப் பெல்ட்டு இல்லையாம். தைக்க ஆளும் இல்லையாம். மேட்டூரையே நீந்துனவனுக்கு அது தேவையில்லதான். ஆனா நாமளே சட்டத்தை மீறுனா எப்படி?"

"அதுவுஞ் சரிதானுங்க" என்றாள் பரிதா. இவ்வளவு சுலபமாக அவள் எதையும் ஒத்துக்கொண்டதில்லை. பாய் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

பரிதா வீட்டு முன்னறையில் மிஷின் போட்டுத் துணி தைப்பவள். நாகலூர் முதல் மஞ்சக்குட்டை வரை முக்கால்வாசிப் பெண்கள் போட்டிருப்பது அவள் தைத்த ஜாக்கெட்தான். இரண்டு நாள் கழித்து, சோறு போட்டுக்கொண்டே சொன்னாள், "அவசரமா பன்னெண்டு ஜாக்கெட்டுங்க. ஞாயித்துக்கிழமை காலையில குடுத்தாகோணும்."

"யாருக்கு?"

"போட் ஹவுஸுக்குங்க."

அங்கே வேலை பார்க்கும் பெண்களுக்கு யூனிஃபார்ம் போல என்று நினைத்தார் பாய். வேலை மும்முரத்தில் போட்டு ஆசையை மறந்துவிடுவாள் என்று குஷி வேறு. "நல்லாத் தை. நூலு கெட்டியா இருக்கட்டும்" என்று தானே போய் வாங்கிவந்து கொடுத்தார்.

அன்று சாயங்காலம் அவள் அளவு நாடாவோடு வந்தாள். "கொஞ்சம் கையைத் தூக்குங்க."

"எனக்கெதுக்கு அளவு?"

"அங்க டிக்கெட்டு குடுக்கற புவனாக்காளும் உங்க சுத்தளவுதானுங்க. வவுத்தை எக்காதீங்க, மூச்சு உடுங்க. நாப்பத்தாறு."

பாய்க்கு ரோஷம் வந்தது. ஆனாலும் நல்ல மனுஷர். "பாவம், அந்தம்மாவுக்கு இறுக்கமாத் தச்சுராத" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மூட்டையைக் குட்டைக்குத் தூக்கிவந்ததும் அவர்தான். "இம்புட்டுப் பெரிய மூட்டை, கனமே இல்லையே?"

"லேசான சரக்குங்க."

பொன்னுவேல் முடிச்சை அவிழ்த்தான். உள்ளே ஆரஞ்சு நிறத்தில், புதுப் பெல்ட் தைத்த பன்னிரண்டு லைஃப் ஜாக்கெட்டுகள். இழுத்துப் பார்த்துவிட்டு, "யக்கா, இந்தப் பெல்ட்டுல யானையவே கட்டலாமுங்க!" என்றான்.

"அதுக்குத்தான தச்சிருக்கறேன்" என்று பரிதா பாயைப் பார்த்தாள்.

"இதுவா ஜாக்கெட்டு?" பாய் மூட்டையைவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"நீங்கதானுங்க தைக்க ஆளில்லைன்னு வந்து சொன்னீங்க. பொன்னுவேலுக்குச் சொல்லியனுப்பி வாங்கிட்டனுங்க."

டப் டப்பென்று பெல்ட்டுகளை மாட்டினாள். அச்சு அசல் அளவு. தப்பிக்க ஒரு விரற்கடை இடமில்லை. கையைப் பிடித்துப் போட்டில் உட்கார வைத்தாள். பக்கத்தில் தானும் உட்கார்ந்தாள். போட்டு ஆடியது. பாய் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். மறுபடியும் ஆடியது. எங்கோ நடுத்தண்ணீருக்கு வந்துவிட்டோம் என்று நினைத்தார்.

"பரிதா, தப்பா நெனைக்காத. எனக்கு நீச்சல் தெரியாது. மேட்டூரு அத்தனையும் பொய்யி. உன்கூட உக்கார இஷ்டமில்லாம இல்ல. தண்ணின்னா எனக்கு அவ்வளவு பயம்!"

அவள் இரண்டு கையாலும் அவர் கையைப் பொத்திப் பிடித்துக்கொண்டாள். "தெரியுமுங்க. நிக்காஹ் முடிஞ்ச மக்காநாளே உங்கம்மா சொல்லிட்டாங்க. உங்க வாயால ஒருக்கா வரட்டுமேன்னுதான் இருவது வருசமா போட்டு போட்டுன்னு கேட்டனுங்க."

இப்படி ஒருத்தியிடமா இத்தனை வருஷம் மறைத்தோம் என்று பாய்க்கு வெட்கமாக இருந்தது. "இனி உன்கிட்ட எதையும் மறைக்க மாட்டேன். மொதல்ல கரைக்குத் திருப்பு" என்றார்.

"கண்ணைத் தொறங்க. பொன்னுவேலு இன்னும் கவுறே அவுக்கலைங்க."