மனசு என்னமோ மாதிரி இருக்கிறவர்

உலகத்தில் பயப்படுகிறவர்கள் பல வகை. பாம்பைக் கண்டு பயப்படுகிறவர் உண்டு, மேலதிகாரியைக் கண்டு பயப்படுகிறவர் உண்டு, பெண்டாட்டியைக் கண்டு பயப்படுகிறவர் உண்டு. இவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பாம்பு கடிக்கும், மேலதிகாரி கத்துவார், பெண்டாட்டி இரண்டும் செய்வாள். அவரவர் பயத்துக்கு ஒரு விலாசம் இருக்கிறது. நான் சொல்ல வந்தது விலாசமே இல்லாத பயத்தைத் தூக்கிக்கொண்டு, இது யார் வீட்டுப் பயம் என்று தெருத்தெருவாக விசாரித்துத் திரியும் ஓர் இனத்தைப் பற்றி.

அடையாளம் காண்பது சுலபம். மனுஷர் நன்றாக உட்கார்ந்திருப்பார். வயிறு நிறைந்திருக்கும், ஜன்னல் வழியாகக் காற்று வரும், அன்றைக்கு வேலைக்கும் போக வேண்டியதில்லை, கையில் காப்பி, அதுவும் அவர் கேட்காமலே வந்த காப்பி. திடீரென்று டம்ளரைக் கீழே வைப்பார். கை நெஞ்சுக்குப் போகும். கண் உத்தரத்துக்குப் போகும். பிறகு அந்த வாக்கியம் வரும்.

"மனசு என்னமோ மாதிரி இருக்கு."

என்ன மாதிரி என்று கேட்காதீர்கள். மாதிரி தெரிந்தால் அவர் ஏன் 'என்னமோ' என்கிறார்?

எங்கள் குடும்பத்துக்கு வாய்த்தவர் என் மூத்த மாப்பிள்ளை. தங்கமான மனுஷர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல இடம் கிடைக்காது. அவருடைய அந்த 'என்னமோ'வினால் அவர் பெற்ற பெண்ணுக்குக் கிடைத்த வேலை கைநழுவிப் போக இருந்தது. அந்தக் கதைக்குத்தான் வருகிறேன். ஆளைச் சரியாகத் தெரிந்துகொள்ளாமல் கதையைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

அவருக்கு லிப்ட் ரிப்பேர் செய்கிற வேலை. அடுக்குமாடிக் கட்டிடங்களில் லிப்ட் போகிற அந்த இருட்டுக் கிணற்றுக்குள், கம்பியில் தொங்குகிற பெட்டியின் தலைமேல் ஏறி நின்றுகொண்டு, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, இரண்டு கையிலும் கிரீஸ் வழிய முறுக்கித் திருகுவார். கீழே எட்டிப் பார்த்தால் நமக்குக் குடல் வாய்க்கு வரும். அவருக்குக் கொட்டாவி வரும். பாதியில் நின்றுபோன லிப்டுக்குள் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களிடம் மேலே இருந்து, "பதறாதீங்க, ஒண்ணும் ஆகாது, இதோ இறக்கி விட்டுடறேன்" என்று வெண்ணெய் போலச் சொல்வாராம். மயங்கிக் கிடந்த ஓர் அம்மாள் அதைக் கேட்டு எழுந்து தலையை ஒதுக்கிக்கொண்டாளாம். அப்பேர்ப்பட்ட வீரர், விடுமுறை நாளில் வீட்டுக் கூடத்தில் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்து நடுங்குவார்.

ஏன்? எனக்குத் தெரிந்த பதில் இதுதான். பயப்பட ஏதாவது இருக்கிற இடத்தில் அவருக்கு வேலை இருக்கிறது. ஒன்றுமே இல்லாத இடத்தில் பயத்துக்கு மட்டும்தான் வேலை இருக்கிறது.

'என்னமோ' வந்ததும் தேடுதல் தொடங்கும். அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்ப்பார். அணைந்திருக்கும். அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். குழாயைப் பார்ப்பார், மூடியிருக்கும். கதவுத் தாழ்ப்பாள், தண்ணீர் மோட்டார், பக்கத்து வீட்டுக்காரர் முகம், எதிலும் குற்றம் இருக்காது. இதற்குள் என் மகள் வந்துவிடுவாள். அவள் ஜவுளிக்கடைக்காரர் சேலை விரிப்பதுபோல ஒவ்வொரு காரணமாக எடுத்து அவர் முன்னால் விரிப்பாள். வேலையிடத்தில் யாராவது ஏதாவது சொன்னார்களா? காலையில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லையா? நேற்றைக்குத் தன் தம்பி பேசியது மனதில் கிடக்கிறதா? மாப்பிள்ளை ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து, இது வேண்டாம், அடுத்ததைக் காட்டு என்பதுபோல உதட்டைப் பிதுக்குவார். கடைசியில் கட்டுப்படியாகிற ஒன்றைப் பொறுக்கிக்கொள்வார். அப்பாடா என்று இருக்கும், எல்லோருக்கும். அடுத்த விடுமுறை வரைக்கும்.

கேட்காதே, கேட்கக் கேட்கத்தான் அது வளரும் என்று நான் மகளிடம் எத்தனையோ தடவை சொன்னேன். கிழவிக்கு இரக்கமில்லை என்றாள். பிறகு டாக்டரிடம் போனார்கள். அவர் நெஞ்சில் ஒயரெல்லாம் ஒட்டிப் பார்த்து, இதயம் இரும்பு மாதிரி இருக்கிறது, இது வெறும் பதற்றம், வரும், கொஞ்ச நேரம் இருக்கும், போகும், ஒவ்வொரு தடவையும் காரணம் தேடிக்கொண்டு ஓடாதீர்கள் என்றார். அடிக்கடி வந்தால் வாருங்கள், அதற்கும் வழி இருக்கிறது என்றும் சொன்னார். மாப்பிள்ளை வாடிய முகத்தோடு திரும்பி வந்தார். நல்ல டாக்டர் என்றார்கள், ஒரு வியாதியைக்கூடக் கண்டுபிடிக்கவில்லையே என்றார்.

வீட்டுக்குள் காரணம் கிடைக்காவிட்டால் போனை எடுப்பார். ஒருநாள் வெளியூரில் இருக்கிற அவருடைய அக்காவுக்குப் போன் போட்டார். குரல் கரகரக்க, "எல்லாரும் நல்லாத்தானே இருக்கீங்க, அக்கா?" என்று கேட்டார். அந்த அம்மாள் நன்றாகத்தான் இருந்தாள், அவர் கேட்கும்வரை. ஒன்றுமில்லக்கா, சும்மாதான் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். சும்மா என்று அந்தக் குரலில் சொன்னால் யார் சும்மா இருப்பார்கள்? தம்பி எதையோ மறைக்கிறான், அங்கே யாரோ போய்விட்டார்கள் என்று முடிவு கட்டி, புருஷனையும் இழுத்துக்கொண்டு, பஸ் பிடித்து, எங்கள் தெருமுனையிலிருந்தே அழுதுகொண்டு வந்தாள். அக்கா அழுதுகொண்டு வருவதைப் பார்த்தார் மாப்பிள்ளை. அவரும், நான் நினைத்தேன், அங்கே யாரோ போய்விட்டார்கள், என் மனசு சொன்னது பொய்யாகுமா என்று ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு அழுதார். இவர் அவளைத் தேற்ற, அவள் இவரைத் தேற்ற, என் மகள் இருவருக்கும் தண்ணீர் கொடுத்துக்கொண்டே அழ, வாசலில் கூட்டம் கூடிவிட்டது. அக்கா புருஷன்தான் கடைசியில் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"சரி, அழுவோம். யாருக்குன்னு சொல்லிட்டு அழுங்கப்பா."

யாருக்கும் தெரியவில்லை. அன்றைக்கு ராத்திரி எல்லோரும் நன்றாகச் சாப்பிட்டோம்.

இதுவரைக்கும் சிரிப்பு. இனிமேல் அவ்வளவு சிரிப்பில்லை. இந்த 'என்னமோ'வுக்கு எங்கள் வீட்டில் ஓர் அதிகாரம் வந்துவிட்டது. மாப்பிள்ளை யாரையும் போகாதே என்று சொன்னதில்லை. நெஞ்சில் கையை வைப்பார், அவ்வளவுதான். கல்யாணத்துக்குக் கட்டிய மூட்டை அவிழும், எடுத்த டிக்கெட் வீணாகும். அவர் சத்தம் போட்டுத் தடுத்தால் எதிர்த்துச் சத்தம் போடலாம். படபடக்கிற நெஞ்சோடு யார் சண்டை போடுவது?

அவருடைய ஒரே பெண், என் பேத்தி, நர்ஸ் வேலைக்குப் படித்தவள். தூரத்து ஊரில் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. கிளம்புகிற அன்றைக்கு அப்பாவுக்கு மனசு என்னமோ மாதிரி இருந்தது. பெண் பெட்டியை மறுபடி பரண்மேல் ஏற்றினாள். ஆஸ்பத்திரிக்காரர்கள் நல்லவர்கள், ஒரு மாதம் பொறுத்தார்கள். இந்தத் திங்கட்கிழமை வராவிட்டால் வேலை வேறொரு பெண்ணுக்கு என்று சொல்லிவிட்டார்கள்.

மறுபடி பெட்டி இறங்கியது. மறுபடி கிளம்புகிற காலை வந்தது. பேத்தி செருப்பு மாட்டிக்கொண்டிருக்கிறாள், மாப்பிள்ளை வாசற்படியில் உட்கார்ந்தார். கை நெஞ்சுக்குப் போனது.

"மனசு என்னமோ மாதிரி இருக்கும்மா."

வீடு அப்படியே நின்றது. என் மகள் சேலையை விரிக்க வாயைத் திறந்தாள், என்னங்க, பஸ்ஸா ரயிலா, எதை நினைத்து என்று. பேத்தி கையைக் காட்டி அவளை நிறுத்திவிட்டு, பெட்டிமேல் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"கை சில்லுனு இருக்காப்பா?"

"ஆமா."

"போன மாசம் நான் கிளம்பறப்ப இருந்த மாதிரியேவா?"

"அதே மாதிரிதான்."

"அன்னிக்கு நான் போகல. உடனே நின்னுச்சா?"

மாப்பிள்ளையிடம் எனக்குப் பிடித்தது இதுதான், பொய் சொல்ல மாட்டார். "நிக்கல. மறுநாளும் இருந்துச்சு. நீ வீட்லதான் இருந்தே, அப்பவும் இருந்துச்சு."

"அப்ப அது என்னால வரலப்பா. அது பாட்டுக்கு வருது, அது பாட்டுக்குப் போகுது. இருந்துட்டுப் போகட்டும். அதையும் கூட்டிக்கிட்டு ஸ்டேஷனுக்கு வாங்க."

"வழியில ஏதாவது ஆயிட்டா?"

"ஆனா பாத்துக்கலாம். ஆகாததை எப்படிப்பா பாக்கறது?"

சொல்லும்போது அவள் குரல் நடுங்கியதை நான் கேட்டேன். அவளும் அவர் பெண்தானே. ஆனாலும் எழுந்து நின்றாள். மாப்பிள்ளை பெண்ணின் முகத்தைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், தூக்கிக்கொண்டார். கை நடுங்க நடுங்கத்தான் தூக்கினார். பெட்டிக்கு அது தெரியவில்லை. நடுங்காத கை தூக்கினால் எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரம் போனது.

ஸ்டேஷனில் சும்மா இருந்தாரா? ரயில் சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். டீ விற்கிறவரிடம், இந்த வண்டி ஒழுங்காகப் போய்ச் சேருமா என்று கேட்டார். அவர் மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அதற்குத்தானே வந்திருக்கிறது என்றார். வண்டி நகர்ந்தது. ஒரு கையால் டாட்டா காட்டினார், இன்னொரு கை இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. பெண் முகம் மறைகிறவரைக்கும் ஓடவில்லை, கூப்பிடவில்லை, இறங்கு என்று சொல்லவில்லை. அவர் செய்த வேலைகளிலேயே உயரமான வேலை அதுதான் என்பேன்.

"போகலாமா மாப்பிள்ளை?" என்றேன்.

"இன்னும் படபடன்னுதான் இருக்கு, அத்தை."

"அதனாலென்ன, நடந்துக்கிட்டே படபடக்கலாம்."

நடந்தோம். பாதி வழியில் நின்றார். காணோம் அத்தை, எங்கே போச்சுன்னே தெரியலை என்றார். திரும்பிப் பார்த்துத் தேடக் கழுத்தைத் திருப்பினார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

குணமாகிவிட்டாரா என்றால், இல்லை. இப்போதும் வருகிறது. வந்துவிட்டது என்று சொல்வார். சரி, வெங்காயத்தை உரியுங்கள் என்று என் மகள் முறத்தை நகர்த்துவாள். காரணம் கேட்பதில்லை. உரித்துக்கொண்டே நடுங்குவார், பிறகு உரித்துக்கொண்டு மட்டும் இருப்பார்.

இனி உங்களிடம் வருகிறேன். பேத்தி பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாள். வேலையில் சேர்ந்தாள். சம்பளம் வருகிறது, சாப்பாடு பரவாயில்லையாம். ரயில் கவிழவில்லை, மாப்பிள்ளைக்கு மாரடைப்பு வரவில்லை, எனக்கும் ஒன்றும் ஆகவில்லை. கதை அவ்வளவுதான். என்ன, நம்ப முடியவில்லையா? அவள் ரயில் ஏறியதிலிருந்து நீங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, இந்தக் கிழவி எதையோ மறைக்கிறாள், கடைசியில் ஏதோ வரப்போகிறது என்று காத்திருந்தீர்களே, இப்போதுகூட இந்தப் பக்கத்தைப் புரட்டி இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கப் போகிறீர்களே, அதற்கு என்ன பெயர்?

வாருங்கள். முறத்தில் வெங்காயம் நிறைய இருக்கிறது, மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் இடமும் இருக்கிறது.