இடுப்பில் மாட்டிய நரம்பு

சனிக்கிழமை விவசாயக் கண்காட்சியில் நடக்கும் ஆட்டுமுடி கத்தரிக்கும் போட்டியில் கலந்துகொண்டே தீருவது என்று முடிவெடுத்தேன். முப்பது வருடமாகச் செம்மறி ஆடுகளுக்கு முடி எடுப்பவனுக்கு முடிவெடுப்பதா கஷ்டம்? என் மனைவி நோரீனிடம் சொல்லாமல் எடுப்பதுதான் கஷ்டம்.

போன மாதம் கொட்டகையில் ஒரு கிடா, பாதிக் கத்தரிப்பில் துள்ளியது. விடாமல் பிடித்துத் திரும்பினேன். இடுப்பில் 'மளுக்' என்றது. அங்கிருந்து இடது கால் கட்டைவிரல் வரை மின்சாரம் பாய்ந்தது. டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். முள்ளெலும்புகளுக்கு நடுவே உள்ள டிஸ்க் ஒன்று பிதுங்கி, காலுக்குப் போகும் நரம்பின் வேரை நசுக்குகிறதாம். குதிகாலால் நடக்க முடிகிற வரை குனியக்கூடாது, மீறினால் பாதம் நிரந்தரமாகத் தொங்கிவிடலாம் என்றார்.

மூன்று வாரத்தில் வலி குறைந்தது. பாதம்தான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் பலகைத் தரை. வலது கால் 'டக்' என்றால் இடது கால் 'தப்' என்று விழும். நோரீன் அடுப்பைப் பார்த்து நின்றாலும் அவள் காது என் காலிலேயே இருக்கும்.

ஆட்டுக் கம்பளித்தோலில் செய்த மெத்தென்ற செருப்புக்கு மாறினேன். சத்தமே இல்லை. இரண்டு நாள் ராஜநடை. வியாழக்கிழமை, முழுக்கக் குணமாகிவிட்டதாக அறிவித்தேன்.

"சந்தோஷம். செருப்பைக் கழட்டிட்டு, ஃபிரிட்ஜ்லேருந்து கதவு வரைக்கும் குதிகால்ல நடங்க" என்றாள்.

"தரை ஜில்லுன்னு இருக்குமே."

"ஜனவரி மாசத்துலயா?" பூமியின் தென்பாதியில் இருக்கும் எங்கள் ஊரில் ஜனவரிதான் உச்சிக் கோடை.

மேஜையை ஒட்டி, சுவரை ஒட்டி, எப்படியோ நடந்து காட்டினேன். அவள் சண்டை போடவில்லை. போட்டிக்குப் போகலாம், தானே வண்டி ஓட்டுகிறேன் என்று சொல்லிவிட்டாள். இவ்வளவு எளிதாக ஜெயித்ததில் எனக்கே கொஞ்சம் ஏமாற்றம்தான்.

சனிக்கிழமை மைதானத்தில் ஒலிபெருக்கி, "பிரெண்டர்காஸ்ட்" என்று எங்கள் குடும்பப் பெயரை அழைத்தது. நான் பெஞ்சிலிருந்து பாதி எழுவதற்குள், முடி எடுக்கும்போது நான் போடும் கறுப்புப் பனியனைப் போட்டுக்கொண்டு நோரீன் முன்னால் நின்றாள். கல்யாணத்துக்கு முன் அவளும் தன் அப்பாவின் கொட்டகையில் முடி எடுத்தவள். எனக்கு அது மறந்தே போயிருந்தது.

"உக்காருங்க. பேரு நம்ம ரெண்டு பேருக்கும் சொந்தம். நல்ல கால் ரெண்டும் எனக்கு மட்டும்தான் இருக்கு."

மேடை ஏறினாள். நாலு ஆடு. நாலாவது ஆட்டின் மேல் அவள் குனிந்தபோது என் இடுப்பு தானாகக் கூசியது. அங்கே நான் குனிந்திருந்தால் என்னைத் தூக்கிக்கொண்டுதான் போயிருப்பார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. பயமாக இருந்தது. இரண்டாம் பரிசு என்று அறிவித்ததும் பயத்தை மறைக்கப் பலமாகக் கைதட்டினேன்.

திங்கட்கிழமை, கொட்டகைகளுக்கு ஆள் சேர்க்கும் காண்டிராக்டர் போன் செய்தான். என்னை விட்டால் அவனுக்கு யார் இருக்கிறார்கள்? பெருந்தன்மையோடு விளக்கினேன்: கோபித்துக்கொள்ளாதே, இன்னும் ஆறு வாரத்துக்கு நான் வருவதற்கில்லை.

"உங்களை யாருண்ணே கூப்பிட்டா? போனை நோரீன் அக்காகிட்ட கொடுங்க" என்றான்.