நூற்றுப் பன்னிரண்டாவது வீடு

தான் எழுதிய புரோகிராம் ஓடுவதை நான்கு பேருக்குக் காட்டாவிட்டால் எழுதியவருக்குச் சோறு இறங்காது. இது உலகத்துக்கே தெரிந்த உண்மை. அதைத் தாய்மாமனுக்குக் காட்டுவதற்கு முன் அதன் பட்டியலில் அவர் எத்தனையாவது ஆள் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. ஊரே ஸ்மார்ட்போனைத் தேய்த்துக்கொண்டிருக்க, நான் பழைய உள்ளங்கைக் கம்ப்யூட்டர் ஒன்றுக்குப் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். நான் பள்ளிக்கூடம் சேர்ந்த சமயத்திலேயே உலகம் தூக்கிப் போட்டுவிட்ட சாமான் அது. மங்கலான கறுப்பு வெள்ளைத் திரை, தொட்டு எழுத ஒரு குச்சி, இன்றைய போனில் ஒரு போட்டோவுக்குக்கூடப் போதாத நினைவகம். அதில் தமிழ் கிடையாது. கட்டம் போட்ட நோட்டில் ஒவ்வொரு எழுத்தையும் புள்ளி புள்ளியாக வரைந்து நானே ஏற்றினேன். (வாசலில் ஒழுங்காக ஒரு கோலம் போடத் தெரியாதவள் என்று அம்மாவிடம் பெயர் வாங்கிய அதே கைதான்.)

அந்தச் சமயத்தில் அண்ணனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அண்ணனுக்கு வேலை புனேயில். ஒரு வாரம் முன்னால்தான் வருவான். அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்து காலில் கட்டோடு படுத்திருந்தாள். ஆகவே வீடு வீடாகப் போய்ப் பத்திரிகை வைக்கும் பொறுப்பு அப்பாவுக்கும் எனக்கும் வந்தது. மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு வீடுகள், ஐந்து நாட்கள், ஒரு ஸ்கூட்டர்.

"போன்லயே எழுதி வெச்சுக்கலாமேடி" என்றாள் அம்மா. எழுதி வைத்தால் அது பட்டியல். நான் செய்ய நினைத்தது விஞ்ஞானம்.

என் புரோகிராமின் மூளை எளிமையானது. இப்போது நிற்கும் இடத்துக்கு மிக அருகில், இன்னும் பத்திரிகை வைக்காத வீடு எது? அங்கே போ. அங்கிருந்து அருகில் எது? அங்கே போ. தூரக்கணக்கைக் கொடுத்தது அப்பா. அவர் டவுன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்ரீரங்கத்திலிருந்து எந்தத் தெருமுனைக்கு எத்தனை ஸ்டேஜ் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். "ஒரு ட்ரிப்கூட காலியா ஓடக் கூடாதும்மா" என்று அவர் என்னைவிட உற்சாகமாக இருந்தார். வழியில் தன் டீக்கடை நண்பர்களை இடையில் செருகிவிடுவாரோ என்ற பயத்தில், வரிசையை யாரும் மாற்ற முடியாதபடி புரோகிராமைப் பூட்டியும் வைத்தேன்.

முதல் பத்திரிகையைப் பெருமாள் பாதத்தில் வைத்தாகிவிட்டது. அடுத்தது முறைப்படி தாய்மாமனுக்கு, அதாவது அம்மாவின் அண்ணனுக்கு. எங்கள் பக்கத்தில் இதை யாரும் எழுதி வைப்பதில்லை, ஏனென்றால் யாரும் மறப்பதில்லை. எழுதி வைக்காததால் கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது என்பதுதான் வெட்கக்கேடு. "மொதல்ல ஜீயபுரம் போயிட்டு வந்துடுங்க" என்று அம்மா வாயால் சொல்லியும் அனுப்பினாள். வாசலில் கம்ப்யூட்டர் பெட்டியைத் தட்டிப் பார்த்தால், முதல் வீடு கீழ்வீட்டு டீச்சர் என்றது. மாமாவின் வாழைத்தோப்பு ஜீயபுரம் தாண்டிக் காவிரிக்கரையில். அந்தப் பக்கம் எங்களுக்கு வேறு வீடே இல்லாததால், என் புரோகிராம் அவரைத் தள்ளித் தள்ளிக் கடைசிக்குக் கொண்டுபோயிருந்தது.

"அவ்வளவு தூரம் ஒரு வீட்டுக்காகவா? அஞ்சாம் நாள் போகத்தானே போறோம்" என்றார் அப்பா. கண்டக்டர் மனசு.

சாயந்திரம் திரும்பியதும் அம்மா கேட்டாள். "ஜீயபுரம் போனீங்களா?"

"ஆச்சும்மா" என்றேன். அப்பா செருப்பைக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தார். அந்த ஒரு பொய்யைக் காலில் கட்டோடு இருந்தவளிடம் எப்படிச் சொன்னேன் என்று இன்றும் எனக்கே கூச்சமாக இருக்கிறது.

ஐந்தாம் நாள் காலை, நூற்றுப் பதினோரு வீடுகளை முடித்துவிட்டு, ஜீயபுரம் போய்ச் சேர்ந்தோம். மாமா வாசலுக்கே வந்து "வாங்க மாப்ள, வாங்க, உக்காருங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மற்ற நாட்களில் தோப்புக்குள்ளிருந்தே "என்ன மாப்ள, வழி தெரிஞ்சுதா?" என்று கத்துகிறவர் அவர். எங்கள் குடும்பத்தில் மரியாதை கூடினால் விபரீதம்.

அப்பா வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகையோடு தட்டை நீட்டினார். மாமா கையை நீட்டவில்லை.

"மன்னார்புரத்து டயர் கடைக்காரர் நேத்து வாழைத்தார் வாங்க வந்தாரு. பத்திரிகை வந்துருச்சுன்னு சந்தோஷமா சொன்னாரு" என்றார். பிறகு குரல் இறங்கியது. "மொத நாளே என் தங்கச்சி போன் பண்ணுச்சு. 'அண்ணே, அவங்க வந்துட்டுப் போனாங்கல்ல'ன்னு கேட்டுச்சு. வந்தாங்கன்னு சொல்லிட்டேன். கால் ஒடிஞ்சு கெடக்குறதுகிட்ட வேற என்னத்தச் சொல்றது?"

எங்கள் பொய்யை நாலு நாளாக அவரும் சுமந்துகொண்டிருந்திருக்கிறார். புத்தியுள்ளவர்கள் அந்த இடத்தில் காலில் விழுந்திருப்பார்கள். நான் கைப்பையிலிருந்து கம்ப்யூட்டரை எடுத்தேன்.

"மதிக்காம இல்ல மாமா. இது தூரக் கணக்கு. நீங்களே பாருங்களேன்."

மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஒரு பொத்தானை அழுத்தினால் ஒரு பெயர் வரும். உரக்க வாசிக்க ஆரம்பித்தார்.

"ஒண்ணு, கீழ்வீட்டு டீச்சர். சரி, நல்ல அம்மா. நாலு, பால்காரர். ஒம்போது, டெய்லர். பதினேழு, பிளம்பர். யாரும்மா இது?"

"அம்மா வழுக்கி விழுந்த அன்னிக்குக் குழாய் சரி பண்ண வந்தவர் மாமா."

"ஓ."

அத்தை காபியோடு வந்தவர் அப்படியே உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தார். மாமா ஒரு பெயரைக்கூட விடவில்லை. நூற்றுப் பன்னிரண்டு முறை பொத்தானை அழுத்தினார். கடைசிப் பெயர் 'ஜீயபுரம் மாமா'. அதற்குப் பிறகும் ஒருமுறை அழுத்தினார். நான் எழுதி வைத்திருந்தபடியே திரையில் ஒரு பூவும் 'இனிதே முடிந்தது' என்ற வாசகமும் வந்தன.

"இதை மாத்து. என்னை ஒண்ணாவதா போடு."

"மாத்த முடியாது மாமா. பூட்டியிருக்கு."

"யார் பூட்டினது?"

"நான்தான்."

"அப்ப தட்டை எடுத்துக்குங்க."

அப்பா தட்டை மறுபடி நீட்டினார். "மச்சான், நீங்க மாலை போடாம பையன் மணையில உக்கார மாட்டான். உங்களுக்குத் தெரியாததா?"

"நூத்திப் பதினோரு பேரு இருக்காங்கள்ல மாப்ள. அந்த பிளம்பரைப் போடச் சொல்லுங்க."

மாமா மாலை போடாத கல்யாணத்துக்கு அம்மா வர மாட்டாள். அம்மா வராவிட்டால் கல்யாணமே இல்லை. அண்ணன் கல்யாணத்தை இரண்டு விரல் அகலத் திரையில் தொலைத்துவிட்டேன் என்று எனக்குக் கண் இருட்டியது. அந்த நேரம் பார்த்து மாமா அந்தப் பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். நான் அலறினேன்.

"மூடியைத் திறந்துடாதீங்க மாமா! பழைய மிஷின், பேட்டரியை எடுத்தா ஒரு நிமிஷம்தான் தாங்கும். அப்புறம் எல்லாம் அழிஞ்சுடும்!"

"எல்லாம்னா?"

"யார் யாருக்கு வெச்சோம்ங்கறது பூராவும்."

"அப்படியா?" என்றார் மாமா. கட்டைவிரல் நகத்தால் மூடியைத் தள்ளினார். உள்ளே இருந்த இரண்டு சின்ன பேட்டரிகளைக் கையில் கவிழ்த்து, விரல்களை மூடிக்கொண்டு, சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு நிதானமாகக் காபியை ஆற்றிக் குடிக்க ஆரம்பித்தார்.

"மாமா, நான் போட்டுடட்டுமா?"

"காபியைக் குடிம்மா. ஆறிடும்."

நான் நொடிகளை எண்ணினேன். அறுபது தாண்டியது, நூறு தாண்டியது. பெட்டியின் நாடி அடங்கிவிட்டது. டம்ளரைக் கீழே வைத்த பிறகுதான் மாமா பேட்டரிகளைத் திரும்பப் போட்டார். ஒன்றுமே அறியாத பச்சைப்பிள்ளை மாதிரி அது கண் விழித்தது.

"இப்ப இதுல யார் யாருக்குப் பத்திரிகை வெச்சிருக்கு?"

"யாருக்கும் இல்ல மாமா."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"ஒருத்தருக்கும் வைக்கல மாமா."

"அப்ப இனிமேதான ஆரம்பிக்கப் போறீங்க" என்று எழுந்தார். அத்தையைப் பக்கத்தில் அழைத்து நிற்க வைத்துக்கொண்டு இரண்டு கைகளையும் நீட்டினார். "இப்ப வெய்யிங்க மாப்ள."

அப்பா தட்டைக் கொடுத்தார். நான் அழுதுவிட்டேன். பாதி மாமாவுக்காக, பாதி அழிந்துபோன நூற்றுப் பதினோரு பெயர்களுக்காக.

கதை அங்கே முடியவில்லை. போன இடங்களில் பூட்டியிருந்த வீடுகள் எவை, திரும்பப் போக வேண்டியவை எவை என்ற குறிப்பும் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது. அப்பாவுக்கும் எனக்கும் அதில் பாதிகூட ஞாபகமில்லை. மாமா வாழைத்தார் ஏற்றும் மினி வேனை எடுத்தார். எங்களை ஏற்றிக்கொண்டு இரண்டு நாட்கள் எல்லா வீட்டுக்கும் மறுபடி போனார்.

"போன வாரமே வெச்சீங்களே?" என்றார் மன்னார்புரத்து டயர் கடைக்காரர்.

"அது ஒத்திகை. இதுதான் அழைப்பு" என்றார் மாமா.

வழியெல்லாம் அவர் எந்த வரிசையில் போகிறார் என்று கவனித்தேன். இருக்கும் இடத்துக்கு அருகில் இருக்கும் வீடு, அதற்கு அருகில் இருக்கும் அடுத்த வீடு. நான் எழுதிய அதே கணக்கு. என்ன, அவர் தன் வீட்டிலிருந்து தொடங்கியிருந்தார். நானும் அங்கிருந்தே தொடங்கியிருந்தால் ஒரு தப்பும் நடந்திருக்காது.

அண்ணனுக்கு மாமாதான் மாலை போட்டார். பந்தியில் முழுக்கதையையும் உரக்கச் சொல்லவும் செய்தார். அம்மா எங்கள் இருவரோடும் மூன்று நாள் பேசவில்லை. அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷம் வந்தாலும் தாய்மாமனுக்கு வைக்கும் தட்டில் வெற்றிலை, பாக்கு, பழத்தோடு இரண்டு பேட்டரியும் இருக்கும். வெளியிலிருந்து வந்த சம்பந்திகள் இதற்கு என்ன ஐதீகம் என்று கேட்கிறார்கள்.

போன மாதம் என் மகளுக்குக் காதுகுத்து. இப்போது தாய்மாமன் அண்ணன். குடும்பத்தோடு ஊருக்கே மாற்றலாகி வந்துவிட்டான். முதல் பத்திரிகையோடு அவன் வீட்டுக்குப் போனேன். வந்த அவசரத்தில் பேட்டரி மறந்துவிட்டது. அந்த ஐந்து நாளும் புனேயில் இருந்தவன், எதையுமே கண்ணால் பார்க்காதவன், கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு "தட்டு முழுசா இல்லையே" என்று நின்றுவிட்டான். கடைசியில் அண்ணிதான் டிவி ரிமோட்டிலிருந்து இரண்டைக் கழற்றித் தட்டில் வைத்தார். அண்ணன் தட்டை வாங்கி நேராகப் பூஜை அலமாரியில் வைத்துப் பூட்டினான். அன்றைக்கு முழுக்க அந்த வீட்டில் ஒரே சேனல்தான் ஓடியது.