பக்கிரிசாமி கிராணியின் மலாய்ப் பரீட்சை

துறைமுகத்தை ஒட்டிய வெல்ட் கீ தெரு ஓரத்தில் ஓர் அரசாங்க ஆபீஸில் இருபத்திரண்டு வருஷமாகக் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தார் பக்கிரிசாமி. ஐம்பது வயதாக இன்னும் ஆறு மாதம் இருந்தபோது, ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, இனிமேல் படிப்பது என்று அவர் முடிவு செய்தார். முடிவு அவருடையதல்ல, மேனேஜருடையது.

ஹெட் கிராணி வருஷக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். வரிசைப்படி அந்த நாற்காலி பக்கிரிசாமிக்கு. ஆனால் மலாய்ப் பரீட்சையில் கிரெடிட் வாங்கிய சர்டிபிகேட் வேண்டும். இவர் வாங்காமல், அதே பரீட்சை எழுதும் அர்ஜுனன் வாங்கிவிட்டால் நாற்காலி அவனுக்கு. அர்ஜுனனுக்கு இருபத்தெட்டு வயது. கார்பன் தாளை எந்தப் பக்கம் வைப்பது என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவரே பக்கிரிசாமிதான். அவனை ‘சார்’ என்று கூப்பிடுவதை ஒரு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

வேறு மனுஷனாக இருந்தால் வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியிடம் சொல்லிப் புலம்பியிருப்பான். பக்கிரிசாமிக்கு அந்த வழியும் இல்லை. ஏனென்றால் ஏழு வருஷத்துக்கு முன்பே அவர் அந்தப் பரீட்சையில் பாஸாகிவிட்டார். அதாவது வீட்டில் பாஸ். ஆபீஸில் மூன்று தடவை பெயில். பாஸ் என்று சொன்ன அன்றைக்குப் பெண்டாட்டி குணவதி பாயாசம் வைத்தாள், அவரும் கூசாமல் இரண்டு கிண்ணம் குடித்தார்.

மறுநாள் அவள் ஒன்று கேட்டாள்.

“என்னாங்க, பெரியவங்களுக்கு மத்தியானத்துல மலாய் கிளாஸ் நடக்குதாம். நானும் போகட்டுமா?”

“நீயா? ஆறாவதோட நின்ன ஆளு, இந்த வயசுல படிச்சு எந்த ஆபீஸ்ல உக்காரப் போற?”

“சும்மா தெரிஞ்சிக்கலாம்னுதான்.”

“பகல்ல என்னமோ பண்ணிக்க லா. அஞ்சரைக்கு நான் வரும்போது தேத்தண்ணி இருக்கணும்.”

தேத்தண்ணி ஏழு வருஷமாக அஞ்சரைக்குத் தவறாமல் இருந்தது. ஆகவே மற்றதைப் பற்றி அவர் கேட்கவே இல்லை.

பரீட்சைக்குப் பதினோரு வாரம். ஆபீஸுக்குப் பின்னால் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த நூர் முகம்மதுவிடம் போய்க் குரலைத் தாழ்த்தினார்.

“பாய், மலாய் சொல்லிக் குடுக்க ஒரு ஆள் வேணும். வெளிய மூச்சு விடக்கூடாது.”

“யாருக்கு கிராணி?”

“ஒரு சிநேகிதனுக்கு.”

“பேரு?”

பக்கிரிசாமி இதை யோசித்து வரவில்லை. “முனுசாமி,” என்றார்.

நூர் முகம்மது தேத்தண்ணியை உயரத் தூக்கி ஒரு தடவை இழுத்து ஆற்றினார். “ஒரு சிக்கு இருக்காங்க,” என்றார். மலாய் வாத்தியாரைச் சிக்கு என்பார்கள், ஆணோ பெண்ணோ ஒரே பெயர். “எங்க வீட்டுக்காரி அவங்ககிட்டதான் படிக்குது. ரொம்பக் கண்டிப்பு. முனுசாமி கட்டுரை எழுதி என்கிட்ட குடுக்கட்டும், திருத்தி வரும்.”

“என்ன கேப்பாரு?”

“காசு வாங்க மாட்டாங்க. சொன்னதைச் செய்யணும், அவ்வளவுதான்.”

முதல் கட்டுரை ‘என் குடும்பம்’. நோட்டின் அட்டையில் முனுசாமி என்று பொய்ப் பெயர் போட்ட புத்திசாலி, உள்ளே சொந்தக் குடும்பத்தை அப்படியே எழுதினார். இரண்டு பெண்கள், இருவருக்கும் கல்யாணமாகிவிட்டது, டத்தோ கிராமாட்டில் வாடகை வீடு. ‘என் மனைவி நல்லவள். ஆனால் படிப்பு இல்லாததால் உலகம் தெரியாது. எல்லாவற்றையும் நான்தான் விளக்க வேண்டும்’ என்று முடித்திருந்தார்.

நோட்டு மூன்றாம் நாள் வந்தது. சிவப்பு மையில் பதினேழு இடத்தில் கோடு. அடியில் மலாயில் ஒரு வரி: ‘கடைசிப் பத்தியில் பிழை அதிகம். மொழியில் அல்ல.’

பக்கிரிசாமிக்கு அது புரியவில்லை. பெரிய படிப்பாளி, ஆழமாக எழுதுகிறார் என்று எடுத்துக்கொண்டார். கையெழுத்து அழகாக இருந்தது. ரிட்டையரான தலைமையாசிரியர், வெள்ளைச் சட்டை, மூக்குக் கண்ணாடி என்று மனசுக்குள் ஓர் ஆளையே செய்து வைத்தார்.

அடுத்த தலைப்பு ‘ஞாயிற்றுக்கிழமை பசார்’. நாற்காலியில் உட்கார்ந்தபடியே இரண்டு பக்கம் எழுதித் தள்ளினார். பதில் வந்தது: ‘இதை எழுதியவர் பசாருக்குள் கால் வைத்ததில்லை. போய்விட்டு வந்து எழுதவும்.’

சனிக்கிழமை சாயங்காலம் அடுப்படிப் பக்கம் போய் நின்றார்.

“குணா, நாளைக்கு பசாருக்கு நான் போறேன்.”

அரிசி களைந்துகொண்டிருந்த கை நின்றது. “ஏன்? நான் ஏதாச்சும் தப்பு பண்ணிட்டேனா?”

“டாக்டரு நடக்கச் சொன்னாரு.”

“எந்த டாக்டரு?”

“ஆபீஸ் டாக்டரு.”

“நடக்கத்தானே சொன்னாரு. கூடையோடவா?”

“பாரம் தூக்கணுமாம் லா!”

“அப்ப தேங்காய் நாலு சேத்து வாங்கிட்டு வாங்க.”

சௌரஸ்தா பசாரில் கூட்டம் அவரை மீன் பக்கம் தள்ளியது, மீன் பக்கம் அவரைக் கோழிப் பக்கம் தள்ளியது. வாங்கி வந்த வெண்டைக்காயில் ஒன்றைக் குணவதி எடுத்து நுனியை ஒடித்துப் பார்த்தாள். ஒடியவில்லை. “இது விறகுங்க,” என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். அவர் அதையும் கட்டுரையில் எழுதினார். சிக்கு முதன்முறையாக ‘நன்று’ போட்டார். ஐம்பது வயதை நெருங்கும் மனுஷன் அந்த ஒரு சொல்லைப் பஸ்ஸில் நாலு தடவை எடுத்துப் பார்த்தார்.

அதற்குப் பிறகு தலைப்புகள் ஒவ்வொன்றாக இறங்கின. ‘துணி துவைத்த அனுபவம்’. டாக்டர் தோளுக்கு வேலை கொடுக்கச் சொன்னதாக வீட்டில் அறிவித்தார். ‘நான் சமைத்த மீன் குழம்பு’. டாக்டர் எண்ணெய் அளவைத் தானே பார்க்கச் சொன்னதாக அறிவித்தார். அந்த டாக்டர் வாரா வாரம் கெட்டிக்காரராகிக்கொண்டே போனார். குணவதி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிவிட்டு நாற்காலியை ஜன்னலோரம் போட்டு உட்கார்ந்தாள். உலகம் தெரியாதவள், எதைச் சொன்னாலும் நம்புகிறாள் என்று பக்கிரிசாமிக்குக் கொஞ்சம் பரிதாபமாகக்கூட இருந்தது.

ஏழாவது தலைப்பு அவரை வியர்க்க வைத்தது: ‘வீட்டில் நான் தனியாக மூன்று நாள்’. பெண்டாட்டியை எங்கே அனுப்புவது? அன்று சாயங்காலமே குணவதி தயங்கித் தயங்கி வந்தாள்.

“பைராம் தோட்டத்துல அக்காவுக்கு முட்டி வலியாம். மூணு நாள் இருந்துட்டு வரட்டா?”

பக்கிரிசாமி சுவர்ப் பக்கம் திரும்பி முருகனைக் கும்பிட்டார். தெய்வமே தன் பக்கம் என்று அன்றைக்கு அவருக்கு உறுதியானது. மூன்று நாளில் குழம்புக்கு மூன்று தடவை புளி கரைத்து ஊற்றினார், ஒரு சட்டியைக் கரியாக்கினார், ஒரு சட்டைக்கு நீலம் போட்டு நீலச் சட்டையாகவே ஆக்கினார். எல்லாவற்றையும் எழுதினார். எழுத எழுத மலாய் தானாக வந்தது. இல்லாததை யோசிக்கும்போது தடுமாறிய பேனா, பட்டதைச் சொல்லும்போது ஓடியது.

பரீட்சைக்கு ஐந்து நாள் இருக்கும்போதுதான் இடி விழுந்தது.

“பசார்ல அர்ஜுனன் தம்பியப் பாத்தேன்,” என்றாள் குணவதி, தேத்தண்ணியை வைத்தபடி. “அது மலாய்ப் பரீட்சை எழுதுதாமே.”

“ம்.”

“எங்க வீட்டுக்காரரு ஏழு வருஷத்துக்கு முந்தியே பாஸ் தம்பி, வீட்டுக்கு வாங்க, சொல்லிக் குடுப்பாருன்னேன்.”

தேத்தண்ணி மூக்கில் ஏறியது. இருமி முடிக்கவே ஒரு நிமிஷமானது. “அதுக்கு... அவன் என்ன சொன்னான்?”

“அப்படியா அக்கான்னு ஒரு மாதிரி சிரிச்சுது.”

“நீ என்ன சொன்ன?”

“நான் என்னாத்த சொல்றது? எனக்கு என்ன தெரியும், நான் ஆறாவது.”

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அதில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. அன்றிலிருந்து வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். அர்ஜுனன் வந்து நாற்காலியில் உட்கார்ந்து, “அண்ணே, உங்க சர்டிபிகேட்டைக் கொஞ்சம் காட்டுங்க,” என்று கேட்பதுபோல் நாளுக்குப் பத்துத் தடவை தோன்றியது. நல்லவேளை, அவன் வரவில்லை.

பரீட்சை சனிக்கிழமை. ஆபீஸ் நண்பன் வீட்டுக் கல்யாணம் என்று சொல்லிப் புறப்பட்டார். குணவதி வாசலில் மறித்து இரண்டு பேனாவை நீட்டினாள்.

“கல்யாணத்துக்கு எதுக்கு பேனா?”

“மொய் எழுதணுமே. ஒண்ணு நின்னுபோனா இன்னொண்ணு.”

பேனாவை வாங்கிக்கொண்டு ஓடினார். தாளில் கட்டுரைத் தலைப்பு: ‘நான் முதன்முதலாகச் செய்த ஒரு வேலை’. பக்கத்து மேசையில் அர்ஜுனன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கிரிசாமி மீன் செதிலிலிருந்து ஆரம்பித்துக் கூடுதல் தாள் கேட்டார். முதல் பேனா பாதியில் நின்றது.

ரிசல்ட் வந்தது. கிரெடிட். மேனேஜர் கை குலுக்கினார். அர்ஜுனன் எழுந்து நின்று, “சார்,” என்றான். வாழ்க்கையிலேயே பெரிய நாள். ஆனால் ஏழு வருஷத்துக்கு முன்பே பாஸானவன் இப்போது பாஸானதை வீட்டில் எப்படிச் சொல்வது? சந்தோஷம் தொண்டைக்கும் வயிற்றுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. இதைச் சொல்ல உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான் உண்டு.

“செவ்வாக்கிழமை ரெண்டு மணிக்கு பொது மண்டபத்துல கிளாஸ்,” என்றார் நூர் முகம்மது. எதற்கோ உதட்டைக் கடித்துக்கொண்டார். “போய்ப் பாருங்க கிராணி.”

அரை நாள் லீவு போட்டு, சிக்குவுக்கு நல்ல வெள்ளைச் சட்டைத் துணி ஒன்று வாங்கி, மண்டபத்துக் கதவைத் தள்ளினார். பதினான்கு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். கரும்பலகைக்கு முன்னால், கையில் சாக்கட்டியோடு, குணவதி.

“குணா, நீ இங்கயா படிக்கிற? சிக்கு எங்க?”

முதல் வரிசையில் நூர் முகம்மதுவின் மனைவி வாயை முந்தானையால் பொத்தினாள். “சிக்கு, இவருதானா முனுசாமி?”

“வெறகு வெண்டைக்கா வாங்கினவரா?” என்றது இரண்டாம் வரிசை.

“மூணு தடவ புளி ஊத்தினவரு!” என்றது கடைசி வரிசை.

பக்கிரிசாமிக்குக் காது சூடேறியது. கால் வாசலைத் தேடியது. ஏழு கட்டுரையையும் இந்த ஊர்ப் பெண்களெல்லாம் படித்திருக்கிறார்கள்.

“வாசிச்சுத்தான் காட்டினேன்,” என்றாள் குணவதி. “நல்லா இருந்துச்சு.”

“ஒனக்கு எப்ப தெரியும்?”

“மொதக் கட்டுரையிலயே.”

“ஏன் சொல்லல?”

“முனுசாமி யாருன்னு எனக்கு எப்படிங்க தெரியும்?”

அவர் சட்டைத் துணியை மறந்து ரிசல்ட் தாளை நீட்டினார். “கிரெடிட், குணா.”

அவள் வாங்கி மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தாள். அவளுக்குக் கண் கலங்கியது, மறைக்கவும் இல்லை. அவருக்கும் கலங்கியது. இந்த மலாயை அவள் எந்த மத்தியானங்களில், எத்தனை வருஷம் உட்கார்ந்து படித்திருப்பாள் என்று முதன்முறையாக யோசித்தார். வெட்கமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது. ஹெட் கிராணியின் மனைவி என்று அவளை நாலு பேரிடம் பெருமையாகச் சொல்ல வாயெடுத்தார்.

குணவதி தாளை மடித்து அவர் சட்டைப் பையில் செருகினாள்.

“வந்தது வந்தீங்க, அந்த போர்டைத் தொடச்சிட்டு கடைசி பெஞ்சுல உக்காருங்க. பாடம் பாதியில நிக்குது.”

ஹெட் கிராணி துடைத்தார்.