மீன் விடாத கடல்

எனக்கு ஒரு வியாதி இருக்கிறது. எதையும் வடிவாக, பார்க்க அழகாகச் செய்துவிட்டு, அது எதற்காக என்பதை மறந்துவிடுவேன். பள்ளிக்கூடத்தில் புவியியல் பரீட்சைக்கு இலங்கைப் படத்தை நிழலெல்லாம் போட்டுத் தீட்டிவிட்டு, குறிக்கச் சொன்ன ஐந்து ஆறுகளில் ஒன்றைக்கூடக் குறிக்காமல் கொடுத்தவன் நான். (ஆசிரியர் படத்தை வகுப்புச் சுவரில் ஒட்டினார். பரீட்சைப் புள்ளி மட்டும் போடவில்லை.) இந்த வியாதி முற்றி, ஊரறிய வெடித்தது என் இருபத்துமூன்றாவது வயதில்.

கணினி படித்து முடித்து, வேலையில்லாமல் மயிலிட்டியில் வீட்டோடு இருந்த காலம் அது. அப்பா கடற்றொழில் செய்பவர். என்னை ஒரேயொரு தடவை படகில் கூட்டிப் போனார். நான் வாந்தியெடுத்த அழகைப் பார்த்தபின் மறுபடி கூப்பிடவில்லை. அதனால் சுன்னாகத்தில் மாமாவின் சிமெந்துக் கடையில் என்னை நிறுத்துவதாகப் பேச்சு நடந்தது. அந்த நேரம் பார்த்து யாழ்ப்பாண நகரில் ஒரு கண்காட்சி அறிவித்தார்கள். சொந்தமாக ஒரு கணினி விளையாட்டைச் செய்து கொண்டுவர வேண்டும். பிடித்திருந்தால் அங்கேயுள்ள ஒரு நிறுவனம் வேலைக்கு எடுக்கும்.

"கண்காட்சி முடியட்டும் அப்பா. சரிவராட்டி மாமான்ரை கடைக்குப் போறன்," என்றேன்.

"சரி. அது முடியுமட்டும் உன்னை ஒருத்தரும் குழப்பமாட்டினம்," என்றார்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். யார் வந்து "பெடியன் என்ன செய்யிறான்?" என்று கேட்டாலும், "அவன் வேலையாயிருக்கிறான்" என்பார். எட்டு மாதம் அப்படிச் சொன்னார்.

அந்த எட்டு மாதமும் நான் கடல் செய்தேன். படகை ஓட்டிப்போய், வலை விட்டு, மீன் பிடிக்கும் விளையாட்டு. படகு ஒரு வாரத்தில் முடிந்தது. பிறகு தண்ணீரில் இறங்கினேன், ஏறவே இல்லை. அலையின் நுரை, அந்த நுரை உடையும் விதம், காலை வெயில் பட்டுக் கண் கூசுவது, வலையின் ஒவ்வொரு கண்ணும் நனைந்து நிறம் மாறுவது என்று மூழ்கிப் போனேன். (நிஜக் கடலில் குடலை வெளியே எடுத்தவன், இந்தக் கடலில் மட்டும் சுகமாக இருந்தேன்.)

ஒருநாள் அக்கா தேத்தண்ணியோடு வந்து எட்டிப்பார்த்தாள்.

"நல்ல வடிவாக் கிடக்குது. உதிலை என்னடா செய்யிறது?"

"கடலைப் பாக்கலாம்."

"கடல் பாக்கிறதெண்டால் எங்கடை வீட்டுக் கோடிப்பக்கத்தாலை இறங்கி நடந்தால் காணுமே?"

கலை தெரியாதவள் என்று அவளை அனுப்பிவிட்டேன். மீனைக் கடைசி வாரத்தில் விடலாம் என்று எண்ணியிருந்தேன். கடைசி வாரம் முழுவதும் ஒரு கடற்பறவையின் இறக்கையில் போய்விட்டது. மீன் இல்லாவிட்டால் என்ன, இந்தத் தண்ணீரைப் பார்த்தாலே நடுவர்கள் மயங்கிவிடுவார்கள் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

கண்காட்சியன்று அப்பா தொழிலுக்குப் போகவில்லை. தோய்த்து மடித்த வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு என்னோடு வந்தார். பக்கத்து மேசையில் உடுப்பிட்டியிலிருந்து வந்த துளசி என்ற பெண். வெங்காயத் தோட்டத்துக்குள் புகும் கட்டாக்காலி மாடுகளைத் துரத்திக் கலைப்பதுதான் அவளுடைய விளையாட்டு. மாடு என்பது நான்கு மண்ணிறச் சதுரங்களும் இரண்டு புள்ளிகளும். எனக்கு அவளைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

முதல் பத்து நிமிடம் கூட்டமெல்லாம் என் மேசையில்தான். "ஐயோ, உண்மையான கடல்!" என்று படம் எடுத்தார்கள். எடுத்து முடிந்ததும் பக்கத்து மேசைக்குப் போனார்கள். போனவர்கள் திரும்பவில்லை. "மாடு வருது! கலை, கலை!" என்று அங்கே ஒரே கூச்சல்.

அப்போதுதான் நடுவர் அம்மா வந்தார். நான் வாயைத் திறக்குமுன் அப்பா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"நான் ஓடிக் காட்டுறன், பிள்ளை."

படகை ஓட்டினார். தண்ணீரின் நிறத்தைப் பார்த்துத் தலையாட்டினார். ஓரிடத்தில் நிறுத்தி வலை விட்டார். வலை தேவலோகத்து அழகோடு அமிழ்ந்தது. பிறகு அப்பா கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கத் தொடங்கினார்.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. வலை தண்ணீரில் கிடக்கும்போது "மீன் இல்லை", "படாது" என்று ஒருவரும் வாயெடுக்கக்கூடாது. அடுப்படியில் நிற்கும் அம்மாகூடச் சொல்லமாட்டார். நான் எப்படிச் சொல்வது?

ஐந்து நிமிடம். பத்து நிமிடம். இன்னும் இரண்டு நடுவர்கள் வந்து சேர்ந்தார்கள்.

"ஐயா, மீன் எப்ப வரும்?"

"வலை விட்ட கையோடை இழுக்கிறேல்லை, பிள்ளை. கொஞ்சம் பொறுங்கோ." பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, நீரோட்டம் எந்தப் பக்கம் வைச்சனீ?"

"கிழக்காலை, அப்பா."

"அப்ப மீன் படும்."

நான் குனிந்து அவர் காதில், "அப்பா, மீன் வந்து..." என்று தொடங்கினேன்.

"உஷ்! வாயை மூடு. வலை கிடக்குது."

அரை மணித்தியாலம் போயிருக்கும். நடுவர் அம்மா நேரே என்னைக் கேட்டார்: "தம்பி, எத்தினை வகை மீன் போட்டிருக்கிறியள்?"

"ஒண்டும் போடேல்லை, மிஸ்."

அப்பா என்னைப் பார்க்கவில்லை. மெதுவாக வலையை இழுத்தார். (அந்தக் காட்சியும் அருமை. வெறும் வலையிலிருந்து சொட்டிய ஒவ்வொரு துளியிலும் சூரியன் தெரிந்தது.) நடுவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். அப்பா எழுந்து அவரைப் பார்த்துச் சொன்னார்:

"நான் உந்தத் தண்ணியை இவ்வளவு நேரமும் கடல் எண்டுதான் நினைச்சுக்கொண்டு இருந்தனான்."

கோபமாகச் சொன்னாரா, பெருமையாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தச் சொல்லுக்குத்தான் எனக்கு அழுகை வந்தது.

வேலை துளசிக்குக் கிடைத்தது. சிமெந்துக் கடையை நினைத்தபடி நான் வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தபோது நடுவர் அம்மா திரும்பி வந்தார். "அந்தப் பிள்ளையின்ரை மாட்டுக்குத் தோல் போட ஒரு ஆள் வேணும். வாறியளோ?" என்றார். ஆறு வருடமாக அந்த நிறுவனத்தில்தான் இருக்கிறேன். மாடு சரியாக ஓடும்வரை துளசி எனக்குப் பெயின்ற் தரமாட்டாள்.

வீட்டில் இதற்கு மன்னிப்பே இல்லை. நான் அக்காவின் மகளுக்குச் சோடனையாகப் பிறந்தநாள் கேக் செய்தாலும், புதுக் கதவுக்கு நிறம் பூசினாலும் அக்கா கேட்பது ஒரே கேள்விதான்: "நல்ல வடிவு. மீன் விட்டனீயோ?" என் கலியாணத்தன்று மணவறை அலங்காரத்தைப் பார்த்தும் அதையே கேட்டாள். வந்த சனம் முழுக்கச் சிரித்தது.

அப்பா மட்டும் இந்தக் கதைக்குச் சிரிப்பதில்லை. எல்லோரும் சிரித்து முடியும்வரை பொறுத்திருந்து, எனக்காகச் சொல்வார்:

"அண்டைக்கு அந்த மிஸ் அவசரப்பட்டிட்டா. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் பட்டிருக்கும்."