வீரய்யா ஈயங்கட்டுப் படலம்

மஞ்சு தவழும் மலைமுகடுகளும், மழை ஒழுகும் லயக்கூரைகளும், வஞ்சனையின்றி வளரும் அட்டைகளும் பொலியும் ஹட்டன் சீமையிலே, இலங்கைக்குச் சுதந்திரம் வந்து ஏழாண்டும் தோட்டத் தமிழராம் நம்மவருக்கு ஓட்டுரிமை போய் ஆறாண்டும் ஆன அந்நாளிலே, ஸ்பானர் ஏந்திய செங்கையரும், கிரீஸ் பூசிய மார்பினரும், ஸ்டோரென்னும் தேயிலை ஆலையின் எந்திரங்களுக்கெல்லாம் ஏகநாயகருமான வீரய்யா வாழ்க! அவர் கட்டிய ஈயமும் வாழ்க! ஈயத்துக்கா இத்தனை ஆரவாரம் என்று சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். அவர் பிழைப்பே அதில்தான் தொங்கியது.

அவர் தோட்டத்து உதவி நிர்வாகியான சின்னதுரையிடம் இரண்டே பேர் உட்காரும் செந்நிறப் பந்தயக் கார் ஒன்றிருந்தது. தொழிலாளர் குடியிருக்கும் லயம் ஒழுகுகிறதென்று மூன்று வருஷம் முறையிட்டும் கலங்காத அந்தத் திருவுள்ளம், நாற்பது மைல் வேகத்தில் முன்சக்கரம் உதறி ஸ்டியரிங் கிடுகிடுத்ததும் கலங்கிச் சோறு தண்ணீர் மறந்தது. சனிக்கிழமை நுவரெலியாவில் பந்தயம். காரைக் கண்டிக்கு அனுப்பலாமென்று துரை காலையில் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் யோசித்து நின்றபோது, வாயைச் சும்மா வைத்திருக்கத் தெரியாத நம் நாயகர், மேற்பார்வைக் கண்டாக்கும் கங்காணிமாரும் பார்த்திருக்க முழங்கினார்:

"கண்டிக்கு எதுக்குங்க தொரை? அந்த ஆட்டத்த நானே நிறுத்திர்றேங்க."

துரை தம் தோட்டத் தமிழில் தீர்ப்புரைத்தார்: "நல்லது. சனிக்கிழமை காரு ஆடினா, திங்கக்கிழமை நீ கவ்வாத்து."

கவ்வாத்தென்றால் மழையிலும் அட்டையிலும் முதுகு வளைத்துக் கத்தியால் தேயிலைச் செடி வெட்டுவது. பதினோரு வருஷம் அதில் முதுகொடிந்துதான் வீரய்யா ஸ்டோருக்குள் ஏறியிருந்தார்.

வெள்ளி காலை தொடங்கியது பெரும்போர். ஜாக்கி முன்னச்சைத் தாங்க, கம்பிக்கால் நாற்பத்தெட்டு விரித்த சக்கரம் அந்தரத்தில் நின்று அவரை முறைத்தது. சுழற்றிவிட்டார். கனத்த பக்கம் கீழே வந்து நின்றது. ஒரு பக்கம் கனத்த சக்கரம்தான் வேகத்தில் உதறும்; எதிர்ப்பக்கம் ஈயம் கட்டிச் சமன்செய்தால் அடங்கும். அதற்கு நேர் எதிரே சாக்பீஸால் திலகமிட்டு, தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டும் ஈயத்தாளை நறுக்கி, உருட்டி, டீமேக்கர் ருசி பார்க்கத் தூள் நிறுக்கும் சின்னத் தராசைக் கெஞ்சி வாங்கி, அதிலே மாற்றி மாற்றி நிறுத்தார். ஆணவம் கொண்ட பெருந்துண்டைத் தள்ளினார். உதவாக்கரைச் சிறுதுண்டை வீசினார். நடுத்தரத்தான் ஒருவனைத் தேர்ந்து, ரிம்மோரக் கம்பிக்காலில் இறுக்கிச் சுற்றினார். சக்கரம் மறுபுறம் சாய்ந்தது. சுரண்டினார். பழையபடி சாய்ந்தது. அரைக்கால் அவுன்ஸ் சேர்த்தார், விரல்நகமளவு குறைத்தார், குலதெய்வத்தைக் கூப்பிட்டார், பின்பு சக்கரத்தின் தாயாரைப் பழித்தார். மத்தியானச் சோறு ஆறி விறைத்தது.

மாலைச் சங்கு ஊதும் வேளையிலே, தொட்ட இடத்தில் தொட்டபடி நின்றது சக்கரம். எப்பக்கம் திருப்பி விட்டாலும் அப்பக்கமே பணிந்து நின்றது. அடுத்த சக்கரமும் அவ்வாறே அடங்கியது. வீரய்யா கண்ணைத் துடைத்துக்கொண்டார். முகமெல்லாம் கிரீஸ் ஆனது. பங்களா வரை காரை ஓட்டிப் போன துரை ஒன்றும் சொல்லவில்லை. துரைமார் ஒன்றும் சொல்லாவிட்டால் அது பாராட்டு.

சனி விடிந்தது. நுவரெலியாச் சீமாட்டிகள் காண்பார்களே என்று, பங்களாத் தோட்டக்காரன் மூக்கனுக்கு, காரைக் கழுவிக் கண்ணாடியாக்கும்படி ஆணை பிறந்தது. மூக்கன் எதையும் அரைகுறையாகச் செய்யாத பிறவி. சக்கரத்தின் உட்பக்கம்வரை கைவிட்டுத் துழாவித் தேய்த்தான். கார் தகதகவெனப் புறப்பட்டு, வழியிலுள்ள நானுஓயாவைத் தாண்டுமுன் குளிர்காய்ச்சல் கண்டதுபோல உதறத் தொடங்கி, பந்தயத்தைப் பாராமலே திரும்பி வந்தது. துரை ஸ்டோர் வாசலில் நிறுத்தி, எதிர்மலைக் கவ்வாத்துக் காட்டை மட்டும் கைகாட்டிவிட்டுப் போனார்.

அன்று பொழுது சாய, லயத்துப் பீலியில் தண்ணீர் பிடித்துத் திரும்பிய மனைவி பேச்சியம்மா, இடிந்து உட்கார்ந்திருந்த நாயகரிடம் குடத்தை இறக்காமலே கேட்டாள்:

"ரிம்முக்குள்ள இருந்து ரெண்டு கை சேறு அள்ளிப் போட்டேன்னு மூக்கன் அங்க பெருமையா சொல்லிக்கிட்டு இருக்கான். நீங்க கழுவிட்டுத்தானே ஈயங் கட்டுனீங்க?"

அட்டைகட்கு அஞ்சாதவர், துரைக்கு முன் வாய்திறந்தவர், அரைக்கால் அவுன்சை அடக்கியாண்ட அச்சுநாயகர், எழுந்து போய்க் கூரையில் செருகியிருந்த பழைய கவ்வாத்துக் கத்தியை எடுத்துத் தீட்டத் தொடங்கினார்.

திங்கட்கிழமை காலை வீரய்யா கவ்வாத்துக்குப் போனார்.