ரைட்டர் இளைத்துப் போனார்

ஒரு மாதமாகப் பெரியநாயகம் ஒரு கையால் பேண்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால்தான் எஸ்டேட்டை நடத்திவந்தார்.

ஏற்காடு மலையில், கொட்டச்சேடு பக்கத்தில் ஒரு காப்பித் தோட்டத்துக்கு அவர் ரைட்டர். காலையில் ஆள் பிரித்து அனுப்புவதிலிருந்து சாயங்காலம் மூட்டை எண்ணுவது வரை எல்லாம் அவர் பொறுப்பு. அன்று காலை துரையின் ஜீப் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றது. வணக்கம் வைக்க ஒரு கை, கணக்கை நீட்ட ஒரு கை. மூன்றாவது கை இல்லாத குறை அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. பேண்ட் தொடைக்கு இறங்கியதும், களை வெட்ட நின்றிருந்த பெண்கள் எல்லோரும் மறுபக்கம் திரும்பி மிளகுக்கொடியை ஆராயத் தொடங்கினார்கள். துரை நல்ல மனிதர். அவரும் மிளகுக்கொடியைப் பார்த்தார்.

எல்லாம் சர்க்கரை செய்த வேலை. சேலத்து டாக்டர் சோற்றைக் குறைத்து, பலாப்பழத்தை நிறுத்தி, சாயங்கால போண்டாவுக்கும் முற்றுப்புள்ளி வைத்துவிட்டார். ஐம்பத்தாறு வயதுவரை ஆசை ஆசையாய்ச் சேர்த்த உடம்பு ஆறு மாதத்தில் கரைந்துபோயிற்று. உடம்பு என்னவோ லேசாக, நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பீரோவில் இருந்த துணி எல்லாம் பழைய பெரியநாயகத்துக்குத் தைத்தது. சட்டைக் காலருக்குள் கழுத்து தனியாக நின்றது. வயசுக்குத் தக்கபடி தோளும் தொய்ந்திருந்தது. கண்ணாடியில் பார்த்தால் யாரோ ஒருத்தர் தன் சட்டையைத் திருடிப் போட்டுக்கொண்டு நிற்பதுபோல் அவருக்குத் தோன்றியது.

"புதுசா ரெண்டு செட்டு எடுத்துப்போடுங்க" என்றாள் மனைவி அற்புதம்.

பெரியநாயகத்துக்கு அதை நினைத்தாலே சலிப்பாக இருந்தது. மகள் தேவகுமாரிக்கு இருபத்தேழு ஆகிறது. அவளுக்குப் பட்டு எடுக்கவேண்டிய வருஷத்தில் அப்பன்காரன் பேண்ட் துணி எடுத்துக்கொண்டு அலைந்தால் நன்றாகவா இருக்கும்? இருப்பதையே பிடித்துத் தைத்துக்கொள்ளலாம் என்றார்.

முதலில் பெல்ட்டில் ஆணியடித்துப் புது ஓட்டை போட்டார். பெல்ட்டின் வால் முதுகுவரை சுற்றிக்கொண்டு போயிற்று, பேண்ட் முன்பக்கம் பாவாடை மாதிரி கொசுவம் வைத்தது. அடுத்து அற்புதம் தையல் மெஷினில் உட்கார்ந்து பேண்டின் பின்பக்கத்தை ஒரே பிடியாகப் பிடித்தாள். இடுப்பு சரியாகிவிட்டது. ஆனால் பின்பாக்கெட் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கைக்குட்டையை எடுக்கப்போனால் எந்தப் பாக்கெட் என்று அவருக்கே தெரியவில்லை.

இதற்குமேல் தாங்காது என்று, கோயில் திருவிழாவுக்குப் போடுகிற கோட்டு ஒன்றையாவது முறையாகச் சரிபண்ணிவிடுவோம் என்று கிளம்பினார். அங்கேதான் வினை பிடித்தது.

அது அவருடைய கல்யாணக் கோட்டு. ஒண்டிக்கடை என்ற இடத்தில் தையல்கடை வைத்திருக்கும் அருள்சாமியின் கையில் கொடுத்து, தன் உடம்புக்குத் தக்கபடி பிடித்துத் தரச் சொன்னார். சீக்கிரம் வேண்டும் என்றும் சொன்னார். அருள்சாமி டேப்பை அவர் மார்பில் சுற்றினான். பழைய அளவு அவனுக்கு ஞாபகம் இருந்தது போலிருக்கிறது. ஒரு பெருமூச்சு விட்டான். கூலி என்ன என்று கேட்டதற்கு, "உங்ககிட்டயா வாங்கப்போறேன், போங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். இத்தனை நல்லவனா இவன் என்று பெரியநாயகம் ஆச்சரியப்பட்டபடி வீடு திரும்பினார்.

அவர் மறந்துபோனது ஒன்று. அந்தப் பக்கத்துக் கிறிஸ்தவச் சபையில், செத்தவர் சவப்பெட்டியில் படுக்கும்போது கல்யாணக் கோட்டைத்தான் கடைசியாகப் போட்டு அனுப்புவார்கள். இளைத்துப்போன மனுஷன் ஒருத்தர் தன் கோட்டைத் தானே கொண்டுவந்து அளவு குறைக்கச் சொன்னால், தையல்காரன் என்ன நினைப்பான்? நினைத்ததைக் கடைக்கு வந்தவர்களிடம் சொல்லாமலும் இருப்பானா?

மறுநாளிலிருந்து வீட்டுக்கு ஆள் வர ஆரம்பித்தது. ஹார்லிக்ஸ் வந்தது, பிரெட் வந்தது, தலைச்சோலையிலிருந்து ஒரு கூடை ஆரஞ்சு வந்தது. வந்தவர்கள் எல்லோரும் மெதுவாகப் பேசினார்கள். பாடகர் குழுவின் மரியஜோசப் வந்து, அவருக்கு எந்தப் பாட்டெல்லாம் பிடிக்கும் என்று கேட்டார். திருவிழாவுக்குக் கேட்கிறார் என்று நினைத்துப் பெரியநாயகம் இரண்டு பாட்டைச் சொன்னதோடு, தாளத்தை இழுக்காமல் விறுவிறுப்பாகப் பாடச் சொல்லியும் அனுப்பினார். உபதேசியார் பாக்கியநாதன் வந்து அவர் தலையில் கைவைத்து வெகுநேரம் ஜெபித்தார். சர்க்கரைக்கு இவ்வளவு பெரிய ஜெபமா என்று அவருக்குத் தோன்றியது. மண்டியிட்ட முழங்கால் வலித்தது.

விஷயத்தை உடைத்தவள் தோட்டத்து ஆராயிதான். ஒருநாள் காலையில் அவர் ஆட்களின் பெயரைக் கூப்பிடக் கூப்பிட, அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விம்மினாள்.

"கோட்டுக்கூட அளவு குடுத்துட்டீங்களாமே சாமி. நீங்க போயிட்டா எங்களுக்கு ஆருங்க இருக்கறாங்க?"

ஹார்லிக்ஸும் பாட்டும் ஜெபமும் எதற்கென்று பெரியநாயகத்துக்கு அப்போதுதான் புரிந்தது. தான் சாகப்போவதாக ஊர் பேசியது அவருக்குப் பெரிதில்லை. தேவகுமாரியின் கல்யாணம்தான் கண்முன் நின்றது. நாலு வருஷத்துக்கு முன்னால் கூடிவந்த நல்ல வரன் ஒன்று, பெண்ணின் சித்தப்பாவுக்குக் காசம் இருந்தது என்று யாரோ சொன்னதில் முறிந்துபோனது. சீக்குக் குடும்பம் என்று இன்னொரு தடவை பெயர் வந்தால் அவளுக்கு இனி வரனே அமையாது. அவள் வாயைத் திறந்து ஒன்றும் கேட்கமாட்டாள். அது அவரை இன்னும் வதைத்தது.

அன்று சாயங்காலமே உபதேசியார் ஒரு சேதியோடு வந்தார். சேலத்து வரன் ஒன்றை அவர்தான் ஆறு மாதத்துக்கு முன்னால் பேசியிருந்தார். பையன் பி.காம்., லாரி ஆபீஸ் ஒன்றில் தற்காலிகமாக எழுதிக்கொண்டிருந்தான். இத்தனை நாள் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தவர்கள், இந்த ஞாயிற்றுக்கிழமையே பெண் பார்க்க வருகிறார்களாம். அதைச் சொல்லும்போது உபதேசியார் இவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர்கள் காதில் ஏதாவது விழுந்திருக்குமா என்று பெரியநாயகம் பயந்தார்.

வீட்டில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். "அவுங்க கண்ணுக்கு நான் பழைய மாதிரி தெரியோணும்" என்று அற்புதத்திடம் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று பனியன், அதன்மேல் கம்பளி ஸ்வெட்டர், இடுப்பைச் சுற்றி எஸ்டேட்டில் கொடுத்த கருப்புக் கம்பளி, அதன்மேல் பிடித்துத் தைக்காமல் விட்டிருந்த பழைய பேண்ட், எல்லாவற்றுக்கும் மேல் வெள்ளைச் சட்டை. ஆள் ஜம்மென்று ஆகிவிட்டார். உட்காரத்தான் முடியவில்லை. மே மாதம் வேறு. ஏற்காடாக இருந்தாலும் மதிய வெயில் சுள்ளென்று அடித்தது.

உபதேசியார் முன்னால் வர, மாப்பிள்ளை வீட்டார் சாத்துக்குடிப் பையோடு பஸ்ஸிலிருந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை, அவன் அப்பா, அம்மா. மூன்று முகமும் வாடியிருந்தன. பெரியநாயகம் எதிரே போய் நின்றதும் இன்னும் வாடின.

"நல்லாத்தான் இருக்கறீங்க போல" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"எனக்கென்னங்க குறைச்சல்?" என்று பெரியநாயகம் வீட்டுமேட்டில் அவர்களுக்கு முன்னால் விடுவிடுவென்று ஏறிக் காட்டினார். நெஞ்சு அடித்துக்கொண்டது. கேசரி வந்தபோது முதல் ஆளாகத் தின்று, இன்னொரு தட்டும் வாங்கிக்கொண்டார். ஆறு மாதத்துக்குப் பிறகு தின்ற இனிப்பு. அதை ருசிக்கக்கூட முடியாமல் விழுங்கினார். மாப்பிள்ளையின் அம்மா அவர் தட்டையும் தன் கணவனையும் மாறிமாறிப் பார்த்தாள். அவர்கள் இன்னும் சந்தேகப்படுவதாக நினைத்து, மூன்றாவது தட்டுக்குக் கையை நீட்டினார்.

தேவகுமாரி காப்பி கொண்டுவந்தாள். மாப்பிள்ளையைப் பார்க்கவேண்டிய நேரத்தில் அப்பாவைப் பார்த்தாள். அவருடைய நெற்றியிலிருந்து வேர்வை கேசரியில் சொட்டிக்கொண்டிருந்தது. காப்பித் தட்டை அப்படியே கீழே வைத்தாள்.

"போதுமுங்கப்பா. எனக்காகத்தான்னா வேண்டாம். அதெல்லாம் கழட்டுங்க, மயக்கம் வந்துரும்."

அந்தக் குரலைக் கேட்டதும் பெரியநாயகத்துக்கு எல்லாம் விட்டுப்போயிற்று. இந்த உடம்பைச் சுமந்தது போதாதென்று இல்லாத உடம்பையும் சுமக்கவேண்டுமா? சட்டையைக் கழற்றினார். ஸ்வெட்டரைக் கழற்றினார். பனியன் ஒவ்வொன்றாகப் போயிற்று. இடுப்பிலிருந்த கம்பளி அவிழ்ந்து, கட்டில்வரை உருண்டு போயிற்று. கடைசிப் பனியனோடு, பேண்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இவ்வளவுதானுங்க நான். ஏமாத்தோணும்னு செய்யலைங்க. பொண்ணு வாழ்க்கை கெட்டுறக்கூடாதுன்னு பயந்துட்டேன். இஷ்டமில்லைன்னா சொல்லிருங்க."

அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. மாப்பிள்ளையின் அப்பா எழுந்து வந்து அவர் கையைப் பிடித்தார். மாப்பிள்ளை ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்து போட்டான். மாப்பிள்ளையின் அம்மா கண்கலங்கி, சாத்துக்குடிப் பையை அற்புதத்தின் கையில் கொடுத்தாள்.

"இதுக்கா இவ்வளவு சங்கடப்பட்டீங்க? பொண்ணு எங்களுக்குப் பிடிச்சிருக்குதுங்க. அடுத்த மாசமே கல்யாணத்தை வச்சுக்கலாம். முடிஞ்சா அதுக்கு முன்னாலயும் சரி" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

உலகத்தில் இப்படியும் மனிதர்களா? இவ்வளவு நல்ல சம்பந்திகளைக் கவலையோடு ஊருக்கு அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. ஊர் பேச்சை நம்பவேண்டாம் என்றார். சர்க்கரை இறங்கிவிட்டது, இருதயம் இருபத்தைந்து வயசுப் பையனுக்கு இருப்பதுபோல் இருக்கிறது, இப்படியே ஒல்லியாக இருந்தால் எண்பதுவரை கவலையில்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார் என்றார்.



மாப்பிள்ளையின் அப்பா கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார். வெயில் இன்னும் வாசலில் அடித்துக்கொண்டிருந்தது. போய்க் கலந்து பேசிக் கடுதாசி போடுவதாகச் சொல்லிவிட்டு மூவரும் இறங்கிப் போனார்கள். மாப்பிள்ளையின் அம்மா போகிறபோக்கில் அற்புதத்தின் கையிலிருந்து சாத்துக்குடிப் பையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

பெரியநாயகம் பனியனோடு நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். தேவகுமாரி அவர் தலையைத் துண்டால் துவட்டினாள். அவள் முகத்தில் வருத்தத்தைத் தேடினார், அகப்படவில்லை. அவருக்கோ அழுகை வரும்போல இருந்தது. வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த உபதேசியாரைக் கூப்பிட்டு, அப்படி என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று கேட்டார்.

உபதேசியார் ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு, இன்னொன்றைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"நீங்க ரெண்டு மாசம் தாண்டமாட்டீங்க, அதுக்குள்ள கல்யாணத்தை முடிச்சுட்டா ரைட்டர் வேலை மருமகனுக்குத்தான்னு சொல்லித்தானுங்க நான் அவுங்களைக் கூட்டிட்டே வந்தேன்."